வைரஸ் இல்லை என்று வந்த பிறகும் ஏன் வைரஸ் மருந்து போடுகிறார்கள்?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தங்கைக்கு 21 வயது. இரண்டு வாரத்துக்கு முன்புவரை ஒரு குறையும் இல்லை. முதலில் தலைவலி, லேசான காய்ச்சல். பிறகு தூக்கம் போனது, யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்று பயம், சம்பந்தமில்லாத பேச்சு. மனநல மருத்துவரிடம் காட்டினீர்கள். மருந்து தொடங்கிய நான்காம் நாள் வலிப்பு வந்தது. இப்போது ஐசியுவில் இருக்கிறார். ‘என்செஃபலைட்டிஸ்’ என்கிறார்கள். முதுகில் நீர் எடுத்துப் பார்த்ததில் வைரஸ் இல்லை என்று வந்தும் அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, நேற்று ஸ்டீராய்டும் தொடங்கிவிட்டார்கள். “இவர்களுக்கு என்ன நோய் என்றே தெரியவில்லையா? குருட்டாம்போக்கில் மருந்து கொடுக்கிறார்களா? வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடட்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், “பழையபடி வருவாளா” என்று ஒன்று. உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். அதற்கும் வருகிறேன்.

நான் நரம்பியல் மருத்துவர். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதில் பெரும்பகுதி அரசு மருத்துவக் கல்லூரி வார்டுகளில். உங்கள் தங்கையை நான் பார்க்கவில்லை, ஸ்கேனையும் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு இன்ன நோய்தான் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் விவரித்திருப்பதைப் படித்தபோது எனக்கு அதில் குழப்பம் எதுவும் தெரியவில்லை. நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே வைத்தியத்தைத் தொடங்குவதுதான் இந்த நோயில் சரியான முறை. பெயர் தெரிந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவரைக் கண்டால்தான் நான் பயப்படுவேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் ‘மூளைக் காய்ச்சல்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு நோய்களையும் அடக்கிவிடுகிறோம். மூளையைச் சுற்றி இருக்கும் உறை அழற்சி அடைந்தால் மெனிஞ்சைட்டிஸ். அதில் தலைவலி, காய்ச்சல், கழுத்து இறுக்கம் எல்லாம் இருக்கும், ஆனால் ஆள் பெரும்பாலும் தெளிவாகப் பேசுவார், அதாவது ஆரம்பத்தில். மூளைத் திசுவே அழற்சி அடைந்தால் என்செஃபலைட்டிஸ், மூளையழற்சி. இதில் ஆளே மாறிப்போவார். குழப்பம், நடத்தை மாற்றம், பேச்சு தடுமாறுதல், வலிப்பு, மயக்கம். சில சமயம் இரண்டும் சேர்ந்தே வரும். என்செஃபலைட்டிஸ் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. ‘வீடு எரிகிறது’ என்பது மாதிரி ஒரு நிலைமையைச் சொல்லும் பெயர். பற்றவைத்தது யார் என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்குப் பல சமயம் பதிலே கிடைப்பதில்லை. இங்கிலாந்தில் 203 நோயாளிகளை ஒன்றுவிடாமல் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், 42 சதவீதம் பேருக்குக் கிருமி காரணம், 21 சதவீதம் பேருக்கு அவர்களுடைய எதிர்ப்பு சக்தியே காரணம், மீதி 37 சதவீதம் பேருக்குக் கடைசிவரை காரணம் பிடிபடவில்லை. எல்லா வசதியும் இருக்கிற ஒரு நாட்டின் கணக்கு இது. ஆகவே உங்கள் டாக்டர் “இன்னும் உறுதியாகத் தெரியவில்லை” என்று சொன்னால் அவரைச் சந்தேகப்பட வேண்டாம்.

சரி, அசைக்ளோவிர் விஷயத்துக்கு வருவோம். கிருமிகளில் நாங்கள் முதலில் பயப்படுவது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸுக்கு. உதட்டோரம் கொப்புளம் போடுமே, அதே வைரஸ்தான். உலகத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உடம்பில் சும்மா படுத்துக்கிடப்பது. லட்சக்கணக்கானவர்களில் யாரோ ஒருவருக்கு அது மூளைக்குள் போய், காதுக்கு உட்புறமாக இருக்கும் பொட்டு மடலைத் தின்ன ஆரம்பிக்கும். நினைவும் மணமும் உணர்ச்சியும் பேச்சும் குடியிருக்கும் இடம் அது. மருந்து இல்லாத காலத்தில் இந்த நோய் வந்தவர்களில் 70 சதவீதம் பேர் இறந்தார்கள். 1984இல் ஸ்வீடனிலும் 1986இல் அமெரிக்காவிலும் வந்த இரண்டு ஆய்வுகள் நிலைமையை மாற்றின. அதுவரை இருந்த பழைய மருந்தோடு ஒப்பிட்டபோது அசைக்ளோவிர் இறப்பை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. அமெரிக்க ஆய்வில் 54 சதவீதம் 28 ஆனது. அந்த மருந்து உருவான ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. வேறு பல மருந்துகளும் அவர் கணக்கில் உண்டு.

அந்த மருந்து வேலை செய்ய வேண்டுமானால் சீக்கிரம் போக வேண்டும். பிரான்ஸில் செய்த ஓர் ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த பிறகு இரண்டு நாளுக்கு மேல் தாமதித்து மருந்து பெற்றவர்களின் நிலைமை தெளிவாகவே மோசமாக இருந்தது. ஆனால் அந்த நீரில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையின் முடிவு வர பல ஊர்களில் ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். வந்தாலும் முதல் மூன்று நாளுக்குள் எடுத்த நீரில் வைரஸ் தப்பிவிடலாம். ஹெர்பிஸ் பிசிஆர் நல்ல பரிசோதனை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சரியாகச் சொல்லும். ஆனால் அந்த மீதி ஆட்கள் பெரும்பாலும் சீக்கிரமே வந்துசேர்ந்தவர்கள்தான். அதனால் முதல் முடிவு ‘இல்லை’ என்று வந்தாலும், ஸ்கேனோ, மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இஇஜியோ சந்தேகம் கிளப்பினால் மருந்தை நிறுத்தாமல் சில நாள் கழித்து இன்னொரு முறை நீர் எடுப்போம். இரண்டாவதும் இல்லை என்று வந்தால், அல்லது வேறு காரணம் உறுதியானால் நிறுத்திவிடலாம். ஹெர்பிஸ்தான் என்று உறுதியானால் 14 முதல் 21 நாள்வரை ஊசியாகவே போக வேண்டும், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. பாதியில் மாத்திரைக்கு மாற்றுவது கூடாது. இதில் நீங்கள் கவனிக்கக்கூடிய ஒன்று உண்டு. இந்த மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியலாம். அதனால் மெதுவாக ஏற்றுவார்கள், கூடவே டிரிப்ஸ் ஓடும். கட்டிலில் தொங்கும் பையில் சேரும் சிறுநீரின் அளவு குறைகிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கிறார்களா என்று விசாரியுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதில் எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், என் கணக்கில் ஒரு தாமதம் இருக்கிறது. மேற்படிப்பு மாணவனாக இருந்த காலம். ஒரு மளிகைக் கடைக்காரரை இரவில் சேர்த்தார்கள், நாற்பத்தைந்து வயசு இருக்கும். லேசான காய்ச்சல், குழப்பம், கையில் நடுக்கம். குடிப்பவர், மூன்று நாளாகக் குடிக்கவில்லை என்று அவர் தம்பி சொன்னார். குடியை நிறுத்தியதால் வந்த குழப்பம் என்று கேஸ் ஷீட்டில் எழுதி, அதற்கான மருந்தையும் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அவர் மனைவி பின்னாலேயே வந்தார். “டாக்டர், அவரு என்னை வாங்க போங்கன்னு பேசறாரு” என்றார். அதற்கென்ன என்று கேட்டேன். “பதினெட்டு வருஷத்துல ஒரு நாள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. யாரோ கடைக்கு வந்தவங்ககிட்ட பேசற மாதிரி பேசறாரு.” நான் சிரித்துவிட்டு, காலையில் சரியாகிவிடும் என்றேன். மறுநாள் சாயங்காலம் அவர் வார்டில் எதுவோ கருகுகிற வாடை அடிக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யாருக்கும் எந்த வாடையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வலிப்பு. பொட்டு மடல் வலிப்புக்கு இது பாடப்புத்தக அடையாளம். மனைவியை அடையாளம் தெரியாமல் ஒருவர் மரியாதையாகப் பேசியதும் அதே இடத்தின் கோளாறுதான், அது எனக்கு உறைக்கவில்லை. அசைக்ளோவிர் தொடங்கும்போது ஒன்றரை நாள் போயிருந்தது. உயிர் பிழைத்தார். அவரைப் பற்றி மறுபடி சொல்கிறேன்.

அன்றிலிருந்து, காய்ச்சலோடு அல்லது காய்ச்சல் விட்ட சில நாளில் ஒருவரின் குணம் மாறியது என்று வீட்டார் சொன்னால் நான் உட்கார்ந்து கேட்கிறேன். நீங்கள் மனநல மருத்துவரிடம் போனது தப்பில்லை. ஆனால் இதுவரை மனநோய் இல்லாத ஒருவருக்கு சில நாளிலேயே திடீரென்று புத்தி பேதலித்து, கூடவே தலைவலி, காய்ச்சல், வலிப்பு, பேச்சுக் குறைதல், மறதி, விசித்திரமான அசைவு என்று ஒன்று சேர்ந்தாலும் மூளையைப் பார்த்தாக வேண்டும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். கயிறு கட்டுங்கள், வேப்பிலை அடியுங்கள், விபூதி பூசுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செய்யுங்கள், அவ்வளவுதான்.

முதுகில் நீர் எடுத்ததைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு பயம் தெரிந்தது. “அதனால்தான் மோசமாகிவிட்டாளோ” என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பயம் வராத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்று யாராவது ஒரு சித்தப்பா வார்டு வாசலில் நின்று சொல்லுவார். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதல் இடுப்பு முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடுகிறது. நாங்கள் குத்துவது அதற்கு இரண்டு மூன்று எலும்பு கீழே. அங்கே நரம்பு இழைகள்தான் நீரில் மிதந்துகொண்டிருக்கும், ஊசி வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் இந்த நீர் பெரியவர்கள் உடம்பில் சுமார் 150 மில்லி இருக்கும், ஒரு நாளைக்கு அரை லிட்டர் புதிதாக ஊறும். நாங்கள் எடுக்கிற பத்து மில்லி அரை மணி நேரத்தில் திரும்ப ஊறிவிடும். சிலருக்கு இரண்டு மூன்று நாள் தலைவலி இருக்கலாம், உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். மூளையில் அழுத்தம் அதிகமாக இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் குத்துவோம். நீரைப் பிடித்ததும் அந்தச் சின்ன பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது எங்கள் பழக்கம். கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தால் பாக்டீரியா, அப்போதே ஓட வேண்டும். குழாய்த் தண்ணீர் மாதிரி பளிச்சென்று இருந்தால் வைரஸோ, காசநோயோ, எதிர்ப்பு சக்தியின் வேலையோ. மிச்சத்தை லேப் சொல்லும், செல் எத்தனை, புரதம் எவ்வளவு, சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று.

அந்த ‘மிச்சம்’ நம் ஊரில் கொஞ்சம் நீளமான பட்டியல். வெளிநாட்டுப் புத்தகத்தை அப்படியே இங்கே பின்பற்ற முடியாது. நீரில் சர்க்கரை குறைவாக இருந்தால் காசநோய் மருந்தையும் சேர்த்துத் தொடங்கிவிடுவோம். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து காய்ச்சலும் குழப்பமுமாக யார் வந்தாலும், துணியை விலக்கி அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே எல்லாம் தேடுவோம். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் புண் தெரிந்தால் ஸ்க்ரப் டைஃபஸ், பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்களே, அதுதான். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்து வருவது. டாக்சிசைக்ளின் என்ற விலை மலிவான மருந்துக்கு நன்றாகக் கேட்கும். நோய் முற்றியவர்களுக்கு அதோடு அசித்ரோமைசினையும் ஊசியாகச் சேர்த்துக் கொடுப்பது மேல் என்று வேலூர் சிஎம்சி தலைமையில் நடந்த ஆய்வு 2023இல் காட்டியது. புண் இல்லாமலும் இந்த நோய் வரும். அதனால்தான் பல இடங்களில் டாக்சிசைக்ளினையும் முதல் நாளிலேயே சேர்த்துவிடுகிறார்கள். உங்கள் தங்கையின் சார்ட்டில் அந்தப் பெயரும் இருந்தால் திகைக்க வேண்டாம்.

ஜப்பானிய மூளைக் காய்ச்சலையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் அந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டதே வேலூர்ப் பக்கத்தில்தான், 1955இல். நெல் வயலில் முட்டையிடும் க்யூலெக்ஸ் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கு நாரையிடமிருந்தும் மனிதனுக்குக் கொண்டுவருவது. அந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. வலிப்பை அடக்கி, மூச்சைக் காத்து, உடம்பு மீளும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். நோய் முற்றியவர்களில் இருபது முப்பது சதவீதம் பேர் இறக்கிறார்கள். ஆனால் தடுப்பூசி இருக்கிறது, பாதிப்புள்ள மாவட்டங்களில் குழந்தைகளுக்கு அரசே போடுகிறது. 2005இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகுதான் அந்தத் திட்டம் வேகம் பிடித்தது. பிறகு அதே கோரக்பூரில், ஜப்பானியக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்த பல கேஸ்கள் ஸ்க்ரப் டைஃபஸ் என்று தெரியவந்தது. பெயரைச் சீக்கிரம் ஒட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு உதாரணம் மலேசியா. 1998இல் அங்கே பன்றிப் பண்ணைகளில் பரவியதை ஜப்பானியக் காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அது நிப்பா என்ற புது வைரஸ். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பீகாரின் முசாஃபர்பூரில் வருஷா வருஷம் குழந்தைகளைக் கொன்றது அழற்சியே இல்லை. ராத்திரி சாப்பிடாமல் படுத்த, ஊட்டமில்லாத குழந்தைகள் லிச்சிப் பழத்தை நிறைய தின்றதில் ரத்தச் சர்க்கரை அடியோடு இறங்கிப்போனது என்று 2014இல் நடந்த விசாரணை காட்டியது. அதற்கு மருந்து ஒரு பாட்டில் குளுக்கோஸ். குழம்பிய நிலையில் யார் வந்தாலும் முதலில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது சும்மா சடங்குக்கு இல்லை.

இப்போது ஸ்டீராய்டு, அதாவது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து. இங்கேதான் உங்கள் தங்கையின் கதை எனக்குக் கொஞ்சம் பழக்கமான கதையாகப் படுகிறது. இளம் பெண், முதலில் மனக் கோளாறு மாதிரி, பிறகு வலிப்பு, வைரஸ் இல்லை. நீங்கள் எழுதியதில் இன்னொரு வரி இருந்தது, “வாயை மெல்லுவது போல அசைத்துக்கொண்டே இருக்கிறாள், ஏதோ சொல்ல வருகிறாள் போல.” உங்கள் டாக்டர்கள் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸை, அதிலும் மூளைச் செல்கள் செய்தி வாங்கும் என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான வகையைச் சந்தேகிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இது என் ஊகம், உறுதி இல்லை. அந்த அசைவு வலிப்பின் மிச்சமாகவும் இருக்கலாம், மனநோய் மருந்தின் பக்க விளைவாகவும் இருக்கலாம்.

இந்த நோய்க்குப் பெயர் வந்ததே 2007இல். ஜோசப் டால்மாவ் என்ற ஸ்பானிய நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவினரும் பன்னிரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். எல்லோருக்கும் மனக் குழப்பம், வலிப்பு, மூச்சுத் தளர்ச்சி. எல்லோருக்கும் டெரட்டோமா என்ற கட்டி, பதினொரு பேருக்கு சினைப்பையில், ஒருவருக்கு மார்புக்குள். டெரட்டோமா ஒரு விநோதமான கட்டி. அதற்குள் முடி இருக்கும், பல் இருக்கும், சில சமயம் மூளைத் திசுகூட இருக்கும். இருக்கக்கூடாத இடத்தில் மூளைத் திசுவைக் கண்ட எதிர்ப்பு சக்தி அதை எதிரி என்று எண்ணி ஆன்டிபாடி தயாரிக்கிறது. அதே ஆன்டிபாடி தலைக்குப் போய் அசல் மூளையில் இருக்கும் என்எம்டிஏ ஏற்பிகளைப் பிடித்து செல்லுக்குள் இழுத்துவிடுகிறது. கெட்டமைன் என்ற மயக்க மருந்து அடைப்பதும் இதே ஏற்பியைத்தான். அதை ஏற்றியவர்கள் விழிக்கும்போது உளறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நோயாளிகளின் நிலைமை புரியும். கட்டி எல்லோருக்கும் இருப்பதில்லை. ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும்கூட இந்த நோய் வருகிறது, ஹெர்பிஸ் மூளையழற்சி வந்து குணமான சில வாரத்தில் அதன் வால் பிடித்தும் வருகிறது. ஆனால் உங்கள் தங்கையின் வயதில் கட்டியைத் தேடாமல் விடக்கூடாது. வயிற்று ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். கட்டி இருந்து அதை எடுத்துவிட்டால் மீட்சி வேகமாகும்.

ஆன்டிபாடி பரிசோதனைக்கு ரத்தத்தோடு முதுகு நீரையும் அனுப்பியிருக்க வேண்டும். ரத்தத்தில் மட்டும் பார்த்தால் ஏழில் ஒருவர் அளவுக்குத் தப்பிவிடுவார்கள். எம்ஆர்ஐ சுத்தமாக இருப்பதும் இந்த நோயில் சகஜம், ‘ஸ்கேன் நார்மல்’ என்றால் மூளையில் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. ஆன்டிபாடி முடிவு வர ஒரு வாரம்கூட ஆகலாம். பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 2016இல் எழுதிய வழிமுறையில், மற்ற கிருமிகளை நியாயமான அளவுக்கு விலக்கிவிட்டால் இந்த முடிவுக்குக் காத்திராமல் வைத்தியம் தொடங்கலாம் என்று இருக்கிறது. உங்கள் டாக்டர்கள் செய்திருப்பது அதுதான் போலிருக்கிறது. வழக்கமாக மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு தினம் ஒரு கிராம், ஐந்து நாள். அதோடு அல்லது அதற்குப் பிறகு ஐவிஐஜி, அதாவது மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடி, ஐந்து நாள், அல்லது தீங்கு செய்யும் ஆன்டிபாடியை வெளியேற்ற ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவது. இரண்டு வாரத்தில் முன்னேற்றமில்லை என்றால் எதிர்ப்பு சக்தியை இன்னும் வலுவாக அடக்கும் ரிட்டுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு. ஸ்டீராய்டு ஒளிந்திருக்கும் கிருமியைக் கிளப்பிவிடுமே என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்தால்தான் அசைக்ளோவிரை இன்னும் நிறுத்தவில்லை. இரண்டு மருந்தும் ஒன்றுக்கொன்று முரண் என்று உங்களுக்குத் தோன்றியது. எனக்கு ஒன்று மற்றதற்குக் காவலாக நிற்பதாகத் தோன்றுகிறது.

பணத்தையும் பேசிவிடலாம், ஐசியு வாசலில் யாரும் சரியாகப் பேச மாட்டார்கள். ஐவிஐஜி எடைக்குத் தக்கபடி போடுவது. ஐம்பது கிலோ பெண்ணுக்கு ஐந்து நாளில் மொத்தம் நூறு கிராம், அதாவது ஐந்து கிராம் பாட்டில் இருபது. செலவு லட்சங்களில் போகும். பிளாஸ்மா மாற்றுவது பொதுவாக அதைவிடக் குறைவு, பலனில் பெரிய வித்தியாசம் இருப்பதாக நிரூபணம் இல்லை. ஆனால் கைகால் ஓயாமல் ஆடுபவருக்கும் ரத்த அழுத்தம் ஏறி இறங்குபவருக்கும் செய்வது சிரமம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காப்பீட்டு மேஜையில் காட்டுங்கள். இந்த மருந்து அதில் வருமா என்று மருத்துவரிடம் கேட்காமல் அங்கே இருப்பவரிடம் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரி மாற்றலாமா? வென்டிலேட்டரில் இருப்பவரை ஆம்புலன்ஸில் ஏற்றி ஐந்து மணி நேரம் கொண்டுபோவது லேசான காரியம் இல்லை. வழியில் வலிப்பு வரலாம், இந்த நோயில் இதயத் துடிப்பு திடீரென்று விழவும் செய்யும். நரம்பியல் மருத்துவர் தினமும் வந்து பார்க்கிறாரா, இஇஜி எடுக்கும் வசதி இருக்கிறதா, பிளாஸ்மா மாற்றவோ ஐவிஐஜி போடவோ முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் இருக்கிற இடத்திலேயே இருங்கள். இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமென்றால் ரிப்போர்ட்டையும் ஸ்கேன் சிடியையும் எடுத்துக்கொண்டு நீங்கள் போங்கள், தங்கை போக வேண்டாம். மூன்றில் ஒன்று இல்லை என்றால், உடம்பு நிலையாக இருக்கிற நேரம் பார்த்து மாற்றலாம் என்று நீங்களே டாக்டரிடம் பேச்சை எடுங்கள். இஇஜியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வெளியே துடிப்பே தெரியாமல் மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கும். ஆள் வெறுமனே தூங்குவது போலத் தெரிவார். இஇஜி வைத்தால்தான் பிடிபடும்.

கடைசி வரிக்கு வருகிறேன், பழையபடி வருவாளா? இதற்குக் காரணத்தைப் பொறுத்துத்தான் பதில். ஹெர்பிஸ் வைரஸ் செல்லைக் கொல்கிறது, கொன்ற செல் திரும்புவதில்லை. என்எம்டிஏ வகையில் ஆன்டிபாடி ஏற்பியை ஒளித்துவைக்கிறதே தவிர செல்லைக் கொல்வது குறைவு, ஆன்டிபாடி போனால் ஏற்பி மறுபடி வெளியே வருகிறது. அதனால்தான் மாதக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடந்தவர்கள்கூட எழுந்து நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறோம். 577 பேரைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வில், இரண்டு வருஷ முடிவில் ஐந்தில் நான்கு பேர் சொந்தக் காலில் வாழும் நிலைக்கு வந்திருந்தார்கள். பன்னிரண்டு சதவீதம் பேருக்கு அதற்குள் நோய் திரும்ப வந்தது. இரண்டு வருஷம் என்பதைக் கவனியுங்கள். அடுத்த வாரத்தை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

மீள்வது வந்த வழியே திரும்பிப் போவது மாதிரி நடக்கும். முதலில் மூச்சு, துடிப்பு நிதானப்படும், பிறகு அந்த வாய் அசைவு குறையும், கண் திறந்து பார்ப்பார், விழுங்குவார், ஒரு வார்த்தை சொல்வார். அப்புறம் வீட்டார் எதிர்பார்க்காத ஒன்று வரும். முதலில் வந்த பயமும் கோபமும் சந்தேகமும் மறுபடி தலைகாட்டும். “குணமாகிக்கொண்டிருந்தவள் திரும்பப் பைத்தியமாகிவிட்டாளே” என்று அந்தக் கட்டத்தில்தான் குடும்பங்கள் உடைந்துபோகும். பெரும்பாலும் அது திரும்பி வரும் வழியில் இருக்கும் ஓர் ஊர். நோயே திரும்பியதா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அப்போது மனநல மருத்துவர் மறுபடி தேவைப்படுவார். ஹாலோபெரிடால் மாதிரி மனநோய் மருந்துகள் இவர்களுக்கு உடம்பை இறுக்கிவிடுவதுண்டு, அதனால் பழைய சீட்டு வைத்துக்கொண்டு மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒரு வருஷம்போல சோர்வு இருக்கும். கல்லூரிக்குத் திரும்பிய ஒரு பெண் என்னிடம் சொன்னார், பக்கத்தைத் திருப்பினால் முந்தின பக்கம் காணாமல் போய்விடுகிறது என்று. அடுத்த வருஷம் அவர் பரீட்சை எழுதினார், கூடுதல் நேரம் கேட்டு வாங்கி.

மளிகைக் கடைக்காரர் கதையை முடிக்காமல் விட்டேன். அவருக்கு வைரஸ், அதுவும் தாமதமான வைத்தியம். நடை, பேச்சு, கணக்கு எல்லாம் திரும்பின, புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை. பல வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கடையில் உட்கார்ந்திருந்தார். துவரம்பருப்பு விலை கேட்டேன், தயங்காமல் சொன்னார், நோய் வந்த வருஷத்து விலை. உள்ளே இருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து இன்றைய விலையைச் சொன்னார். கல்லாப்பெட்டியில் ஒரு நோட்டைச் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்தார் அந்த அம்மா, யார் கடன் வாங்கினார்கள் என்று அவர் அந்த நிமிஷமே எழுதியாக வேண்டும். கடை ஓடுகிறது. மனைவியை வாடி போடி என்றுதான் பேசினார்.

உங்கள் தங்கைக்கு எது என்று இன்னும் தெரியவில்லை. நாளைக் காலை ரவுண்ட்ஸில் இவற்றைக் கேளுங்கள்: முதுகு நீரில் ஆன்டிபாடி அனுப்பினார்களா, ஹெர்பிஸ் பிசிஆரை மறுபடி பார்ப்பார்களா, வயிற்று ஸ்கேனில் சினைப்பை தெளிவாகத் தெரிந்ததா. நோய் தொடங்கிய முதல் வாரத்தில் வீட்டில் யாராவது போனில் எடுத்த வீடியோ இருந்தால் அழிக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாங்கள் வார்டில் பார்ப்பது கதையின் நடுப்பகுதியைத்தான், ஆரம்பம் உங்கள் போனில் இருக்கிறது.